இருட்டை எங்கே விடுவது? கட்டட உள்வெளிகளைக் கருப்பு வெள்ளையில் எடுப்பது பற்றி

ஒரு பெரிய கட்டடத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றுவிடுகிறோம். மேலே குவிமாடம், பக்கவாட்டு ஜன்னலிலிருந்து சாய்வாக இறங்கும் வெளிச்சம், தூண்களுக்குப் பின்னால் ஒன்றுமே தெரியாத இருட்டு. உடனே போனை எடுத்து ஒரு படம். வீட்டுக்கு வந்து பார்த்தால், அங்கே நம்மை நிறுத்திவைத்த எதுவும் அந்தப் படத்தில் இல்லை. சுவர் இருக்கிறது, தூண் இருக்கிறது, மஞ்சளாக வழியும் ஒரு விளக்கு, வெளியேறும் வழியைக் காட்டும் பச்சைப் பலகை, ஓரத்தில் ஒரு சிவப்புக் குப்பைத்தொட்டி என்று எல்லாமே தெளிவாகத் தெரிகிறது. பிரச்சினையே அதுதான்.

சரி, கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்போம் என்று ஒரு பட்டனைத் தட்டினால் சில சமயம் படம் சட்டென்று எழுந்து நிற்கும். பல சமயம் பழைய அடையாள அட்டைப் படம் மாதிரி சாம்பலாகப் படுத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் போதும், மீதி எல்லாம் பழக்கம். என்னைக் கேட்டால், இந்த வகைப் படங்களில் முக்கால்வாசி வேலை எதை இருட்டில் விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதுதான். காட்டுவது தானாக நடந்துவிடும்.

முதலில் நிறம் போனால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். கட்டடங்களுக்குள் வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு), அதாவது நடுநிலை அல்லது கொஞ்சம் நீலம். உள்ளே எரியும் பழைய பாணிக் குண்டு பல்பு 2800 கெல்வின் பக்கம், நல்ல ஆரஞ்சு. நம் கண்ணும் மூளையும் சேர்ந்து இரண்டையும் சமாதானப்படுத்தி வெள்ளை என்று நமக்குச் சொல்லிவிடும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அதனால்தான் வண்ணப் படத்தில் ஒரு சுவர் நீலமாகவும் அடுத்த சுவர் ஆரஞ்சாகவும் நின்று ஒன்றையொன்று முறைக்கின்றன. நிறத்தை எடுத்துவிட்டால் அந்தச் சண்டை ஓய்ந்துவிடும். பச்சைப் பலகையும் சிவப்புத் தொட்டியும் கண்ணைப் பிடித்து இழுப்பதை நிறுத்திவிடும். மிஞ்சுவது வெளிச்சம் எங்கே விழுகிறது, கோடுகள் எங்கே ஓடுகின்றன, கல்லின் மேற்பரப்பு சொரசொரப்பா வழவழப்பா என்பது மட்டும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வண்ணத்தில் பளிச்சென்று பிரிந்து தெரிந்த இரண்டு பொருள்கள் கருப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொள்ளலாம். வண்ணத்தைச் சாம்பலாக மாற்றும்போது மென்பொருள்கள் பயன்படுத்தும் பழைய கணக்கு ஒன்று உண்டு: பச்சைக்கு சுமார் 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. நம் கண் பச்சையைத்தான் அதிக வெளிச்சமாக உணர்கிறது என்பதால் இந்தப் பங்கீடு. பளீர் சிவப்புக் கம்பளமும் அடர்பச்சைச் சுவரும் இந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம். நிறத்தின் அழகை மட்டும் நம்பி நிற்கும் உள்வெளி கருப்பு வெள்ளையில் செத்துப்போகிறது என்றால் காரணம் இதுதான். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் வித்தியாசம் இருக்கும் இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். அது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பது. நுணுக்கங்கள் மங்கி, வெளிச்சத் திட்டுகளும் இருட்டுத் திட்டுகளும் மட்டும் தெரியும். அந்தத் திட்டுகளே ஒரு நல்ல வடிவமாக இருந்தால் படம் பெரும்பாலும் தேறிவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நேரில் பார்த்தபோது இருந்த பிரமிப்பு ஏன் படத்தில் வருவதில்லை?

நாம் ஒரு அறையைப் பார்க்கும்போது ஒரே பார்வையில் முழுவதையும் பார்ப்பதில்லை. கண் ஜன்னலுக்குப் போகும், அங்கே கண்மணி சுருங்கும். பிறகு மூலைக்குப் போகும், அங்கே விரியும். இந்தத் துண்டுகளை எல்லாம் மூளை ஒன்றாகத் தைத்துவிடுகிறது. கேமராவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பார்வை. வெளிச்சத்தின் அளவை ஸ்டாப் என்ற படிகளில் அளப்பார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் முந்தையதைப் போல் இரண்டு மடங்கு, ஆக 10 ஸ்டாப் என்றால் 1024 மடங்கு. நல்ல டிஜிட்டல் கேமரா, மிகச் சாதகமான நிலையில், 14 ஸ்டாப் வரை பிடிக்கும். வெயில் நேரடியாக விழும் ஜன்னலும் தூண்களுக்குப் பின்னால் இருக்கும் மூலையும் ஒரே படத்தில் வந்தால் அந்த வித்தியாசம் இதையும் தாண்டிப் போவது உண்டு. அப்போது ஏதோ ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

நாம் முடிவெடுக்காவிட்டால் கேமரா எடுத்துவிடும். அது எடுக்கும் முடிவு எப்போதும் ஒன்றுதான்: எல்லாவற்றையும் சராசரியாக நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவருவது. தன் முன்னால் இருப்பது 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு சாம்பல் அட்டை என்பது மாதிரித்தான் ஒளியை அளக்கும் கேமராவின் மீட்டர் நினைத்துக்கொள்கிறது. இருட்டான மண்டபத்தைக் காட்டினால், ஐயோ வெளிச்சம் போதவில்லை என்று எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் ஒளியின் அளவை, தூக்கிவிடும். மண்டபம் கலங்கிய குட்டை நிறத்தில் வெளுத்துப்போகும், ஜன்னல் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். இதற்கு மருந்து எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், கேமரா போட்ட கணக்கை நாம் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு. மைனஸ் 1 ஸ்டாப், தேவைப்பட்டால் மைனஸ் 2 வரை தைரியமாக இறக்குங்கள். ஜன்னலின் வெளிச்சத்தில் கொஞ்சமாவது விவரம் மிஞ்சும் அளவுக்கு வைத்தால் போதும். டிஜிட்டலில் ஒருமுறை வெளுத்துப்போன இடத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருட்டிலிருந்து கொஞ்சம் மீட்கலாம். நெகட்டிவ் ஃபிலிமில் எடுப்பவர்களுக்கு இந்தப் பாடம் தலைகீழ்: அங்கே நிழலுக்கு அளவெடுத்து, வெளிச்சமான இடங்களை ஃபிலிமைக் கழுவும் நேரத்தை மாற்றிக் கட்டுப்படுத்துவார்கள்.

இதை ஒழுங்கான முறையாக ஆக்கியவர்கள் அமெரிக்க ஒளிப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் வகுத்த மண்டல முறையில் 0 முதல் 10 வரை பதினொரு படிகள். 0 முழுக் கருப்பு, 10 காகிதத்தின் வெள்ளை, 5 நடுச் சாம்பல். 3 என்பது இருட்டுதான், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். 7 வெளிச்சம்தான், ஆனால் கல்லின் சொரசொரப்பு இன்னும் தெரியும். முழு முறையும் ஃபிலிமைக் கழுவும் நேரம் வரை போகும், அதெல்லாம் இப்போது நமக்கு வேண்டாம். ஷட்டரை அழுத்தும் முன் இந்தச் சுவர் எந்த எண்ணில் இருக்க வேண்டும், அந்தத் தூண் எந்த எண்ணில் என்று மனதுக்குள் எண் போட்டுப் பாருங்கள், அது போதும். மிரட்டலான உள்வெளிப் படங்களைக் கவனித்தால் படச்சட்டத்தின் பெரும்பகுதி 0 முதல் 3 வரை கிடக்கும், ஒரு சின்ன இடம் மட்டும் 7, 8க்கு ஏறும், நடுவில் 4, 5, 6 மிகக் குறைவாக இருக்கும். சப்பென்று இருக்கும் படங்களில் எல்லாமே அந்த நடுப்பகுதியில்தான் கூட்டம் போட்டிருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பழைய நூலகத்தின் மாடிப்படியில். மேலே கண்ணாடிக் கூரை, கீழே வளைந்து வளைந்து இறங்கும் படிகள். நண்பகலில் போய் முப்பது படம் எடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து மென்பொருளில் நிழலை வெளுப்பாக்கும் ஸ்லைடரை முழுவதுமாகத் தூக்கி, ஒவ்வொரு படிக்கட்டின் விளிம்பும் தெரியும்படி செய்து, பெருமையாக நண்பருக்கு அனுப்பினேன். அவர் கேட்டது: இந்தக் கட்டடம் விற்பனைக்கா? ரொம்ப நாள் அந்தக் கேள்வி உறுத்தியது. பிறகு ஒரு மாலையில் போனபோது கூரையின் ஒரு ஓரத்தில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது, கைப்பிடியின் வளைவு மட்டும் மெல்லிய கோடாக ஒளிர்ந்தது, படிகள் பாதிக்கு மேல் கருப்பில் மூழ்கியிருந்தன. இந்த முறை நிழலைத் தொடவே இல்லை. விற்பனைப் படமாக இல்லாமல் போனது.

இருட்டு என்றால் கன்னங்கரேல் என்று இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிரிட்டன்காரர் ஃபிரெடரிக் எவன்ஸ், லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர், பிறகு கடையை விட்டுவிட்டுக் கதீட்ரல்களை, அதாவது பெரிய தேவாலயங்களை, படமெடுக்கப் போனார். 1903ல் இங்கிலாந்தின் வெல்ஸ் கதீட்ரலில், நூற்றாண்டுக் கணக்கில் மிதிபட்டுத் தேய்ந்து அலை அலையாக ஆகிவிட்ட படிகளை எடுத்து, படிகளின் கடல் என்ற பொருளில் பெயர் வைத்தார். இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் படங்களில் ஒன்று அது. கதீட்ரலுக்குள் நாள்கணக்கில் தங்கி வெளிச்சம் நகர்வதைக் கவனிப்பார், படத்துக்கு இடைஞ்சலான நாற்காலிகளை அகற்றச் சொல்லிக் கேட்பார். நமக்கு அந்தச் செல்வாக்கு இல்லை, அதனால் இரண்டடி தள்ளி நின்று குப்பைத்தொட்டியைத் தூணுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறோம்! அவர் அச்சிட்டது பிளாட்டினம் தாளில். அந்தத் தாளின் தனித்தன்மை, கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் மிக நீண்ட, மென்மையான சாம்பல் வரிசை. அவர் படங்களில் இருட்டு அடித்து நொறுக்காது, மூச்சு மாதிரிப் பரவும்.

இதற்கு நேர் எதிர்முனையில் ஹங்கேரியில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த லூசியன் ஹெர்வே. 1949ல் மார்சேயில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே கட்டிக்கொண்டிருந்த குடியிருப்பை ஒரே நாளில் 650 படம் எடுத்து அவருக்கு அனுப்பினார். லெ கொர்புசியே 1965ல் இறக்கும்வரை ஹெர்வேதான் அவருடைய ஒளிப்படக்காரராக இருந்தார். ஹெர்வேயின் படங்களில் நிழல் ஒரு கத்தி. கான்கிரீட்டைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும், ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் வெள்ளை, நடுவில் சமரசம் கிடையாது. எடுத்த படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சுருக்கவும் அவர் தயங்கியதில்லை. கட்டடத்தின் முழு உருவத்தையும் காட்டியே ஆக வேண்டும் என்று நினைக்கும் புதியவர்கள் இவரிடம் கற்க வேண்டியது இதைத்தான். ஒரு மூலை, ஒரு நிழல், மேலே போகும் ஒரு படிக்கட்டின் நுனி, சில சமயம் அவ்வளவே போதும்.

நான் எந்தக் கட்சி என்று கேட்டால், பழைய கல் கட்டடங்களுக்கு எவன்ஸ், கான்கிரீட்டுக்கு ஹெர்வே. மாற்றிச் செய்தால் ஏனோ ஒட்டுவதில்லை.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டடம் அசையாது, ஆனால் அதற்குள் இருக்கும் வெளிச்சம் நாள் முழுவதும் நடந்துகொண்டே இருக்கும். ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியானில் ஜன்னலே இல்லை. 43.3 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தின் உச்சியில், ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்தில் ஒரு வட்டத் திறப்பு மட்டும் இருக்கிறது. தரையிலிருந்து அந்தத் திறப்பு வரையிலான உயரமும் அதே 43.3 மீட்டர்தான். அந்தத் திறப்பின் வழியே விழும் சூரிய வட்டம் சுவரில் மெதுவாக ஊர்ந்து போகும். கோடை நண்பகலில் அது தரைக்கு இறங்கிவிடும், குளிர்கால நண்பகலில் சூரியன் தாழ்வாக இருப்பதால் குவிமாடத்தின் உட்புறத்திலேயே நின்றுவிடும். ஒரே கட்டடம், ஒரே இடத்தில் நிற்கும் கேமரா, ஆனால் ஆறு மாத இடைவெளியில் முற்றிலும் வேறு படங்கள். ஆகவே ஓர் இடம் பிடித்துப்போனால் ஒருமுறை போய்ப் படமெடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஜன்னல்கள் எந்தத் திசை பார்க்கின்றன என்று குறித்துக்கொண்டு, வேறு நேரத்தில் மறுபடியும் போங்கள். காத்திருப்பதும் வேலைதான், சலிப்பாக இருக்கும், வேறு வழியில்லை.

வெளிச்சம் தூண் மாதிரி காற்றில் தெரிகிறதே, அது எப்படி என்று பலர் கேட்பார்கள். வெறும் காற்றில் ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரியாது. தூசியோ புகையோ ஈரமோ மிதந்தால்தான் அதில் பட்டுச் சிதறி நம் பக்கம் திரும்பும். பின்னணி இருட்டாக இருப்பதும் அவசியம், வெள்ளைச் சுவருக்கு முன்னால் கற்றை கரைந்துவிடும். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில், உயரமான ஜன்னல்களிலிருந்து ராட்சத ஒளிக்கற்றைகள் மண்டபத் தரைக்கு இறங்கும் கருப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். 1913ல் திறந்த நிலையம் அது. இன்று போய் நின்றால் அந்தக் காட்சி கிடைக்காது, சுற்றிலும் எழுந்த உயரக் கட்டடங்கள் அந்த வெயிலை மறைத்துவிட்டன.

ஜப்பானில் கட்டடக் கலைஞர் தடாவ் ஆண்டோ 1989ல் கட்டிய ஒளியின் தேவாலயம் இன்னொரு நல்ல பாடம். கான்கிரீட் பெட்டி மாதிரி ஒரு சின்னக் கட்டடம், முன்சுவரில் சிலுவை வடிவத்தில் ஒரு பிளவு. உள்ளே இருட்டாக வைத்திருப்பதால் அந்தப் பிளவு எரிகிறது. அதே பிளவை நாலு பக்கமும் ஜன்னல் வைத்த அறையில் போட்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி கோடுகள். உயரமான உள்வெளியை எடுக்கக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சரியும். இதற்குக் காரணம் லென்ஸின் கோளாறு என்று நினைப்பவர்கள் அதிகம். கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சார் சுவருக்கு இணையாக இல்லாததுதான் காரணம். மட்டமாகப் பிடித்தால் கோடுகள் நிமிர்ந்துவிடும், ஆனால் பாதிப் படம் தரையாகிவிடும். அதற்கென்றே லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸ்கள் வந்தன. நிக்கான் 1960களின் தொடக்கத்திலேயே 35 மி.மீ.யில் ஒன்று விட்டது. விலை அதிகம், ஆரம்பத்தில் தேவையே இல்லை. கொஞ்சம் அகலமாக எடுத்துவிட்டு மென்பொருளில் நிமிர்த்தலாம், ஓரங்களில் வெட்டுப்படும் என்பதால் இடம் விட்டு எடுங்கள். என் சொந்தப் பிடிவாதம் ஒன்று: ஒன்று முழுவதும் நேராக இருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே நன்றாகச் சாய்த்திருக்க வேண்டும். இரண்டு டிகிரி கோணல் என்பது கவனக்குறைவாகத்தான் தெரியும், கருப்பு வெள்ளையில் கோடுகளே கதாநாயகன் என்பதால் இன்னும் அதிகமாக உறுத்தும்.

குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று எடுக்க வேண்டுமானால் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டாம். கேமராவையோ போனையோ தரையில் மல்லாக்க வைத்து, டைமரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். சுழல் படிகளை மேலிருந்து கீழே பார்த்து எடுப்பது எப்போதும் கைகொடுக்கும். வாடிகன் அருங்காட்சியகத்தில் ஜுசெப்பே மோமோ வடிவமைத்த, 1932ஐச் சேர்ந்த சுழல் படிக்கட்டை எத்தனை பேர் அப்படி எடுத்திருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. அதனாலேயே நடுவில் வைக்காமல் சுழலின் கண்ணை ஒரு ஓரத்துக்குத் தள்ளி எடுத்துப் பாருங்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ட்ரைபாட் (முக்காலி) இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 8 அல்லது 11, ஷட்டர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆகட்டும், 2 விநாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். எஃப் 22க்குப் போகாதீர்கள், துளை மிகச் சின்னதாகி ஒளி விளிம்பில் வளைந்து கூர்மை குறையும். பல இடங்களில் ட்ரைபாடுக்கு அனுமதி இருக்காது. அப்போது தூணில் சாய்ந்து, பெஞ்சில் வைத்து, ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றி எடுக்கலாம். அப்படி ஏற்றும்போது வண்ணத்தில் நிறப் புள்ளிகளாக அசிங்கமாகத் தெரியும் இரைச்சல் கருப்பு வெள்ளையில் ஃபிலிமின் மணல்துகள் மாதிரி ஆகிவிடும், சில கட்டடங்களுக்கு அது அழகுகூட. போனில் எடுப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கைதான்: நைட் மோடும் எச்டிஆரும் உங்கள் எதிரிகள். அவை பிறந்ததே நிழலைத் தூக்கிவிடத்தான். முடிந்தால் அணைத்துவிட்டு, திரையில் வெளிச்சமான இடத்தை அழுத்திப் பிடித்து, எக்ஸ்போஷரைக் கீழே இழுங்கள்.

மனிதர்கள் படத்தில் இருக்கலாமா என்றால், தாராளமாக. தூரத்தில் விரல் அளவில் ஒருவர் நின்றால் மண்டபத்தின் பிரமாண்டம் புரிந்துவிடும். கால் விநாடி ஷட்டரில் நடப்பவர் புகையாகக் கரைவார், 30 விநாடி வைத்தால் நில்லாமல் நடந்து போகிறவர்கள் அடியோடு காணாமல் போவார்கள். இந்த நீண்ட எக்ஸ்போஷர் விஷயத்தை எல்லைக்கே கொண்டுபோனவர் ஜப்பானிய ஒளிப்படக்காரர் ஹிரோஷி சுகிமோட்டோ. பழைய திரையரங்குகளில் கேமராவை வைத்து, ஒரு முழுப் படம் ஓடி முடியும்வரை ஷட்டரைத் திறந்தே வைத்தார். ஆயிரக்கணக்கான காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து திரை வெறும் வெள்ளைச் செவ்வகமாகிவிட்டது, அந்த வெளிச்சத்தில்தான் அரங்கின் சிற்ப வேலைப்பாடுகள் இருட்டிலிருந்து மெல்ல வெளியே வருகின்றன.

கடைசியாக மாற்றும் வேலை. கேமராவில் மோனோக்ரோம் என்று வைத்துக்கொண்டு, கூடவே ரா ஃபைலும் (சென்சார் பதிந்த முழுத் தகவல்) சேமிக்கச் சொல்லுங்கள். திரையில் கருப்பு வெள்ளையாகத் தெரியும், ராவில் நிறம் பத்திரமாக இருக்கும். அந்த நிறம் ஏன் வேண்டும்? முதலில் பார்த்த ஆரஞ்சு விளக்கும் நீல ஜன்னலும் இப்போது உதவிக்கு வருகின்றன. மென்பொருளின் கருப்பு வெள்ளைப் பகுதியில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடர் இருக்கும். ஆரஞ்சையும் மஞ்சளையும் இறக்கினால் பல்பு வெளிச்சம் விழுந்த சுவர்கள் இருண்டு, ஜன்னல் வெளிச்சம் மட்டும் முன்னுக்கு வரும். மாற்றிச் செய்தால் ஜன்னல் அடங்கி, விளக்குகள் பேசும். நேரில் உங்களை எரிச்சல்படுத்திய கலப்பு வெளிச்சம் இங்கே தனித்தனியாகத் திருகக்கூடிய இரண்டு குழாய்களாகிவிடுகிறது. அப்புறம் தூரிகையால் சில இடங்களை இருட்டாக்குங்கள், ஓரங்களிலிருந்து தொடங்குவது நல்லது. விளிம்புகளை எடுப்பாக்கும் கிளாரிட்டி ஸ்லைடரில் மட்டும் கை அடங்கி இருக்கட்டும். ஜன்னல் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் ஒளிவட்டம் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

தாளில் அச்சிடப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. திரை தானே ஒளிர்கிறது, தாள் அறையின் வெளிச்சத்தை நம்பி இருக்கிறது. திரையில் 3ஆம் மண்டலமாகத் தெரிந்த நிழல் தாளில் 2க்கோ அதற்கும் கீழேயோ இறங்கி, உள்ளே இருந்த தூண் காணாமல் போய்விடும். உள்ளங்கை அளவில் ஒரு துண்டை மட்டும் முதலில் அச்சிட்டு, படம் மாட்டப்போகும் சுவருக்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். தூண் தெரியவில்லையா, அந்த நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டு இன்னொரு துண்டு.